எண்ணெயில் கரைத்த குரல்

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய். செக்கடிப் பேச்சுபோல் தெரிந்தாலும் இது மருந்துக் கடைக் கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். எனந்தேட் வகை ஊசிமருந்தை அமெரிக்காவில் நல்லெண்ணெயில் கரைத்து விற்றார்கள். சிப்பியோனேட் வகை பருத்திக்கொட்டை எண்ணெயில் வருகிறது. இந்தியக் கடைகளில் பலருக்குப் பெயர் தெரிந்த சஸ்டனான் 250, நான்கு வகை டெஸ்டோஸ்டிரோனைக் கடலை எண்ணெயில் கலந்தது. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிற நெபிடோவுக்கு விளக்கெண்ணெய். தசைக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேயே தேங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கசியவிடும்.

இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களில் சுரப்பு குறைந்த ஆண்கள் உண்டு. பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து, ஆணாக வாழ்கிறவர்களும் உண்டு. அவர்களைத்தான் தமிழில் திருநம்பி என்கிறோம். பருவ வயதுப் பையனின் உடம்பில் நடப்பதில் பெரும்பகுதியை மருந்து அவர்களுக்கும் நடத்திக்காட்டும். சில மாதங்களில் மாதவிடாய் நின்றுபோகும். குரல்நாண் தடித்துக் குரல் இறங்கும். இறங்கிய குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஏறாது. மீசை அரும்பும், தசை திரளும், முகப்பரு வரும், வம்சத்தில் வழுக்கை இருந்தால் அதுவும் வரலாம். ரத்தச் சிவப்பணுக்கள் கூடும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. மார்பு மட்டும் மருந்துக்கு மசியாது. அதற்கு அறுவை சிகிச்சைதான்.

மருந்து 1935-லேயே தயார். அதன் பின் வந்த 90 ஆண்டுக் கதையில் வேதியியலுக்குப் பெரிய வேலை இல்லை. சீட்டு எழுதுவது யார், எழுதும்முன் என்னென்ன கேட்கலாம், எழுதிய சீட்டில் எந்தப் பெயர் இருக்கும் என்பதே மீதிக் கதை.

மருந்தின் கதையோ சேவலில் தொடங்குகிறது. 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு சேவல்குஞ்சுகளுக்குக் காயடித்தார். சிலவற்றை அப்படியே விட்டார். மற்றவற்றின் வயிற்றுக்குள் ஒரு விதையைத் திரும்ப வைத்தார். அப்படியே விட்டவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டைக்கும் போகாமல் வளர்ந்தன. விதை திரும்பக் கிடைத்தவை கொண்டை சிவக்கக் கூவின. வைத்த விதைக்குப் பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆக, கூவச் சொல்லும் கட்டளை ரத்தத்தின் வழியே போகிறது என்று பெர்தோல்டு முடிவுகட்டினார்.

அந்தக் கட்டளைப் பொருளைப் பிடிக்க இன்னும் 86 ஆண்டுகள் ஆயின. 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் காக்கும் அவருடைய மாணவர் லெமுவல் மெக்கீயும், அந்த ஊர் இறைச்சிக்கூடங்களில் மலிவாகக் கிடைத்த காளை விதைகளை 40 பவுண்டு வாங்கிப் பிழிந்து 20 மில்லிகிராம் சத்து எடுத்தார்கள். 1931-ல் அடால்ஃப் புட்டெனான்ட் ஜெர்மன் போலீஸ்காரர்களின் சிறுநீரைச் சுமார் 15,000 லிட்டர் சேகரித்தார். கிடைத்தது 15 மில்லிகிராம், அதுவும் டெஸ்டோஸ்டிரோன் அல்ல, அதன் பங்காளியான ஆண்ட்ரோஸ்டிரோன். 1935 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்வரின் குழு, ஏறக்குறைய 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் தூய பொருளைப் பிரித்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரும் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் புட்டெனான்டும், ஒரு வார இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் லியோபோல்டு ருசிக்காவும் கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். இருவருக்கும் 1939-ன் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டது.

மூன்று குழுவுக்கும் பின்னால் மூன்று மருந்து நிறுவனங்கள் நின்றன: லாக்வருக்கு ஆர்கனான், புட்டெனான்டுக்கு ஷெரிங், ருசிக்காவுக்கு சீபா. ஆர்கனானின் பிறப்பே இறைச்சித் தொழிலில்தான். நெதர்லாந்தின் ஓஸ் என்ற ஊரில் இறைச்சி ஆலை நடத்திய வான் ஸ்வானன்பெர்க், வீணாய்ப்போகும் உறுப்புகளிலிருந்து இன்சுலின் எடுக்கலாம் என்று 1923-ல் லாக்வருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. சஸ்டனான் அந்த வீட்டுச் சரக்கு. ஷெரிங் வைத்த டெஸ்டோவிரான் என்ற பெயரும் இந்தியக் கடை அலமாரி வரை வந்தது.

மருந்து தயாரான நேரம் பொல்லாத நேரம். பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு 1919-ல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம், பால் மாறி வாழ விரும்பியவர்களுக்கு மருத்துவமும் சட்ட உதவியும் தந்த இடம். 1933 மே மாதம் நாஜிகள் அதைச் சூறையாடி நூலகத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் அந்த 10 மில்லிகிராம் கிடைத்தது சரியாக இரண்டு ஆண்டு கழித்து. தேவைப்பட்டவர்களை அறிந்திருந்த கதவு அதற்குள் மூடிவிட்டது.

அமெரிக்காவில் ஆலன் ஹார்ட் என்ற மருத்துவர் மருந்து வருவதற்கு முன்பே ஆணாக வாழத் தொடங்கியிருந்தார். 1890-ல் பிறந்த அவர், ஆரெகன் மாநிலத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற கையோடு மனநல மருத்துவர் ஒருவரை இணங்கவைத்துக் கருப்பையை அகற்றிக்கொண்டார். தலைமுடியை வெட்டிக் கோட்டு சூட்டு மாட்டி வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய சகமாணவர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதும் ஊரைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. காசநோயை எக்ஸ்ரே படத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முறையைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் இந்த ஹார்ட். செயற்கை டெஸ்டோஸ்டிரோன் அவர் கைக்கு எட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் குரல் உடைந்தது. சவரம் செய்யத் தாடியும் வந்தது.

மருந்தை ஆணாக மாறுவதற்கென்றே கேட்டு வாங்கி உட்கொண்டதாகப் பதிவாகியுள்ள முதல் திருநம்பி என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சுட்டுவது மைக்கேல் டில்லனை. 1915 மே 1 அன்று லண்டனில் பிறந்தவர். சில நாளிலேயே தாய் இறந்துவிட, ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் அத்தைகள் வளர்த்தார்கள். அயர்லாந்தின் லிஸ்முல்லன் பிரபுப் பட்டம் உள்ள குடும்பம். பட்டம் அண்ணன் ராபர்ட்டுக்குப் போனது. டில்லன் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் கல்லூரியில் படித்தார், பெண்கள் படகுக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். 1938-ல் பட்டம் பெற்று ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1939-ல் ஜார்ஜ் ஃபாஸ் என்ற மருத்துவர், பெண்களின் அதிகப்படி மாதவிடாய்ப் போக்குக்கு டெஸ்டோஸ்டிரோன் தந்து பார்க்கிறார் என்று டில்லனுக்குத் தெரியவந்தது. மருந்துக்கு மீசை முளைக்கும் பக்கவிளைவு உண்டு. டில்லனுக்கு வேண்டியது அந்தப் பக்கவிளைவுதான். போய்க் கேட்டார். முதலில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச்சொன்னார் ஃபாஸ். டில்லன் பார்த்தார். அந்த மனநல மருத்துவர் கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. விஷயம் ஆய்வுக்கூடம் வரை பரவிவிட்டது. கையில் ஃபாஸ் தந்த மாத்திரைகளோடு டில்லன் பிரிஸ்டல் நகருக்கு ஓடினார்.

சீட்டின் முதல் விலை அது. இந்த மருந்தை ஒரு திருநம்பி கேட்டதாக நாம் அறிந்த முதல் தடவையிலேயே, அவருடைய ரகசியம் இன்னொருவர் வாய்க்குப் போக வேண்டியிருந்தது.

பிரிஸ்டலில் ஒரு கார் பட்டறையில் பெட்ரோல் போடும் வேலை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிக்கு. சக தொழிலாளிகளுக்கு அவர் வேடிக்கைப் பொருள். மாத்திரைகள் மெல்ல மெல்ல வேலை செய்தன. ஒருகட்டத்தில் வாடிக்கையாளர்களுக்கு எதிரில் நிற்பது ஓர் இளைஞன்தான்; பட்டறை ஆட்களோ ‘அவள்’ என்று கூப்பிடுகிறார்கள். வியாபாரத்துக்குக் குழப்பம் என்று நினைத்த பட்டறை மேலாளர், இனி ‘அவன்’ என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரிக்கு டில்லன் ஓட்டுநரானார். ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட இரவுகளில் தீக்காவல் பார்த்தார்.

ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் உபாதை அவருக்கு உண்டு. அப்படி விழுந்து பிரிஸ்டல் ராயல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அங்கிருந்த ஒட்டறுவை நிபுணர் ஒருவரின் பார்வையில் பட்டார். அவர் டில்லனின் மார்பை அறுவை செய்து அகற்றினார். பிறப்புச் சான்றைத் திருத்திக்கொள்ள மருத்துவக் கடிதமும் தந்தார். 1944-ல் சான்று திருத்தப்பட்டு லாரன்ஸ் மைக்கேல் டில்லன் என்ற பெயர் ஏறியது. ஹெரால்டு கில்லிஸ் என்ற பெரிய டாக்டரின் விலாசத்தைக் கொடுத்தவரும் அவரே. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் தைத்துத் தந்த கில்லிஸ், 1946 முதல் 1949 வரை டில்லனுக்குக் குறைந்தது 13 அறுவை சிகிச்சைகள் செய்தார். மருத்துவமனை ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுத முடியாது. பிறவியிலேயே சிறுநீர்த்துளை இடம் மாறிய ஆண் என்று நோய்ப்பெயர் எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில் டில்லன் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவ மாணவர். சேர்வதற்கு ஆக்ஸ்ஃபோர்டு சான்றிதழ் வேண்டும். அதில் பெண்கள் கல்லூரியின் பெயர் இருந்தால் கேள்வி வரும். பழைய ஆசிரியர் ஒருவர் பதிவாளரிடம் பேசி, பிரேஸ்னோஸ் என்ற ஆண்கள் கல்லூரியில் படித்ததாக ஏட்டை மாற்றித் தந்தார். டப்ளினில் டில்லன் மீண்டும் துடுப்பு வலித்தார், இம்முறை ஆண்கள் குழுவில்.

டில்லனின் கதையில் வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். மாத்திரை தந்த மருத்துவர், ‘அவன்’ என்று சொல்லச்சொன்ன பட்டறை மேலாளர், கடிதம் எழுதிய அறுவை நிபுணர், ஏட்டில் வேறு நோய் எழுதியவர், கல்லூரிப் பெயரை மாற்றியவர் எல்லோரும் தனித்தனி ஆட்கள். எந்தச் சட்டமும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் மறுத்திருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். பிரபு குடும்பமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலமும் அந்தக் கதவுகள் திறக்க எவ்வளவு உதவின என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1946-ல் ‘செல்ஃப்’ என்ற சிறிய நூலை டில்லன் வெளியிட்டார். அறவியலும் சுரப்பியியலும் பற்றிய ஆய்வு என்று துணைத்தலைப்பு. மனத்தை உடலுக்கு ஏற்ப வளைக்க முடியாதபோது, உடலை மனத்துக்கு ஏற்ப மாற்றுவதே மருத்துவத்தின் நியாயம் என்பது அதன் வாதம். எழுதியவரே அந்தச் சிகிச்சையைப் பெற்றவர் என்று புத்தகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அதைப் படித்துத் தேடி வந்தவர்களில் ஒருவர் ராபர்ட்டா கோவெல். முன்னாள் போர்விமானி, கார்ப் பந்தய வீரர், பின்னர் பிரிட்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதல் திருநங்கை.

1951-ல் மருத்துவராகத் தேறிய டில்லன் சரக்குக் கப்பல்களில் மருத்துவராகப் போனார். கப்பலில் யாரும் பூர்விகம் கேட்கமாட்டார்கள். ஆனால் கரையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. பிரிட்டிஷ் பிரபு குடும்பங்களின் வம்சாவளியை அச்சிடும் டெப்ரெட், பர்க் என்ற இரண்டு. டில்லன் கேட்டுக்கொண்டபடி டெப்ரெட் அவரை லிஸ்முல்லன் பட்டத்தின் அடுத்த வாரிசான ஆண் என்று திருத்திக்கொண்டது. பர்க்கில் பழைய பெண் பெயரே இருந்தது. 1958-ல் யாரோ இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டார்கள். லண்டனின் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையில் செய்தி வெடித்தபோது டில்லனின் கப்பலான ‘சிட்டி ஆஃப் பாத்’ அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. நிருபர்கள் அங்கும் வந்துவிட்டார்கள்.

அவர் இந்தியாவுக்கு ஓடிவந்தார். காலிம்போங்கில் சங்கரக்ஷித என்ற ஆங்கிலேய பிக்குவிடம் தங்கி, பிறகு சாரநாத் போனார். புத்தருக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயரை எடுத்துக்கொண்டு ஜீவகர் ஆனார். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களாகக் கருதப்பட்டவர்களுக்கு முழுத் துறவு மறுக்கும் விதி பௌத்த விநயத்தில் இருக்கிறது. அந்த விதி குறுக்கே வந்தது. 1960-ல் லடாக்கின் ரிசோங் மடாலயத்தில் இளந்துறவியாக ஏற்கப்பட்டு, அங்கே அடுப்படி வேலை முதல் எல்லாம் செய்தார். அந்த வாழ்க்கையைப் பற்றி ‘இம்ஜி கெட்சுல்’ என்ற புத்தகம் எழுதினார். 1962 மே மாதம் தன் சுயசரிதைக் கையெழுத்துப் பிரதியை லண்டன் முகவருக்கு அனுப்பிவைத்தார். அதே மே 15 அன்று டல்ஹவுசி என்ற மலையூர் மருத்துவமனையில் இறந்தார். வயது 47. சுயசரிதை அச்சேறியது 2016-ல், 54 ஆண்டுகள் கழித்து.

டில்லன் காலத்தில் தனித்தனி மனிதர்களின் தயவாக இருந்தது, அமெரிக்காவில் ஒரு நடைமுறையாக உறைந்தது. அதற்குப் பணம் போட்டவரும் ஒரு திருநம்பிதான். ரீட் எரிக்சன் 1917-ல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பிறந்தவர், இயந்திரப் பொறியாளர், தந்தையின் ஈயத் தொழிலை வாரிசாகப் பெற்றுப் பெரும் பணக்காரரானவர். ஹென்றி என்ற பெயரில் சிறுத்தை வளர்த்தவர். 1963-ல் ஹாரி பெஞ்சமின் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். பெஞ்சமினின் ஆய்வுக்கு, மருத்துவர் மாநாடுகளுக்கு, நோயாளிகளுக்கான சிறுவெளியீடுகளுக்கு, 1966-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறந்த பாலின மருத்துவப் பிரிவுக்கு என்று அவர் பணம் போனது.

பிரிவுகள் திறந்தன, கூடவே வாசல் காவலும் வந்தது. 1979-ல் பெஞ்சமின் பெயரிலேயே அமைந்த சர்வதேச மருத்துவர் சங்கம், யாருக்கு எப்போது ஹார்மோன் தரலாம் என்ற நெறிமுறையை முதல்முறையாக எழுதியது. மனநல நிபுணரின் பரிந்துரை கட்டாயம். 2001-ல் வந்த ஆறாம் பதிப்பிலும் ஊசிக்கு முன் மூன்று மாதம் மனநல ஆலோசனை, அல்லது மூன்று மாதம் விரும்பிய பாலினத்தில் வாழ்ந்து காட்டியதற்கான ஆதாரம் வேண்டும் என்று இருந்தது. மெல்லிய குரலும் மீசையற்ற முகமுமாக அலுவலகத்திலும் பேருந்திலும் ஆணாக வாழ்ந்து காட்டு, பிறகு குரலுக்கு மருந்து தருகிறோம் என்பது இரண்டாவது நிபந்தனையின் நடைமுறைப் பொருள்.

அந்த வாசலில் நின்று சண்டை போட்டவர் லூ சல்லிவன். 1951-ல் மில்வாக்கி பக்கம் பிறந்து, 1975-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். தாம் ஆண் என்பதோடு, ஆண்களை விரும்பும் ஆண் என்பதையும் மருத்துவர்களிடம் ஒளிக்கவில்லை. அங்கேதான் சிக்கல். ஆணாக மாறுகிறவர் பெண்ணைத்தான் விரும்ப வேண்டும் என்று அன்றைய நிபுணர்கள் எழுதிவைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பாலினப் பிரிவு 1980-ல் அவரை நிராகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டே தனியார் மருத்துவர் மூலம் டெஸ்டோஸ்டிரோன் தொடங்கியிருந்தார். பொய் சொல்லியிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். பலர் அப்படித்தான் மருத்துவர் எதிர்பார்க்கும் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

சல்லிவன் வேறு வழி எடுத்தார். ஊசி என்ன செய்யும், எந்த மருத்துவரிடம் போகலாம், மார்பை எப்படி மறைப்பது என்று திருநம்பிகளுக்கான கையேடு ஒன்றைத் தாமே எழுதி அச்சிட்டார். 1986-ல் திருநம்பிகளுக்கு ஒரு சங்கம் கூட்டினார். அதே ஆண்டின் இறுதியில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. கடைசி ஆண்டுகளில் நிபுணர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, யாரை விரும்புகிறார் என்பதை வைத்துச் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று வாதாடினார். 1991 மார்ச் 2 அன்று இறந்தபோது அவருக்கு 39 வயது.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அமெரிக்காவில் இன்னொரு பூட்டு விழுந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் பென் ஜான்சன் ஸ்டீராய்டு எடுத்துப் பிடிபட்ட பரபரப்பின் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட 1990-ன் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து, டெஸ்டோஸ்டிரோனையும் கட்டுப்பாட்டுப் பொருளாக்கியது. சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஜிம் பயில்வான்களையும் தடகளக்காரர்களையும் நினைத்துப் போட்ட சட்டம். மாதாமாதம் வரிசையில் நின்றதில் திருநம்பிகளும் இருந்தார்கள்.

பூட்டுகள் தளர்ந்ததும் சல்லிவனின் ஊரில்தான். 1993-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டாம் வாடெல் என்ற பொது மருத்துவமனை, செவ்வாய்க்கிழமைகளில் திருநர்களுக்கென்று மருத்துவம் பார்க்கத் தொடங்கியது. மருந்தின் பலனையும் கெடுதலையும் விளக்கி, புரிந்துகொண்டேன் என்ற நோயாளியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஊசி தரும் முறை அங்கிருந்து மெல்லப் பரவியது. 2019-ல் உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப்பட்டியலின் புதிய பதிப்பில், பாலின முரண்பாட்டை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேறு விதமாகத் தொடங்கியது. திருநங்கையருக்கு ஜமாத் உண்டு, குரு–சேலா உறவு உண்டு, கூவாகம் உண்டு, அறுவைக்கு ‘நிர்வாணம்’ என்று தனிச்சொல்லே உண்டு. எந்த மாத்திரை, எந்த ஊர் மருத்துவர் என்ற அறிவு மூத்தவரிடமிருந்து இளையவருக்கு அந்த வழியாக இறங்கும். நங்கைக்கு இணையாக நம்பி என்று பிறகு வந்த சொல் திருநம்பி. சொல் வந்ததே தவிர, போய்ச் சேர ஒரு வீடு அவர்களுக்கு இல்லை. மகளாக வளர்ந்தவரைக் குடும்பம் வெளியே விடுவதில்லை. வீட்டைவிட்டுப் போனால் காணவில்லை என்று போலீஸ் புகார், திரும்பினால் கல்யாணப் பேச்சு. நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்த எழுத்தாளர் ரேவதி, 2016-ல் வந்த தன் ஆங்கில நூலில் ஒரு பகுதியையே திருநம்பிகளின் வாய்மொழிக்கு ஒதுக்கினார்.

மருந்தின் வடிவமும் அவர்களுக்கு எதிராக இருந்தது. கருத்தடை மாத்திரையில் பெண் ஹார்மோன் இருப்பதால், திருநங்கையர் பலர் அதைக் கடையில் வாங்கித் தாமாகவே விழுங்கினார்கள். ஆபத்தானது என்றாலும் கைக்கு எட்டியது. டெஸ்டோஸ்டிரோனோ பெரும்பாலும் ஊசி. தடித்த எண்ணெயைத் தசைக்குள் இறக்க ஒரு கை வேண்டும். நர்ஸிடம் இடுப்பைக் காட்டும்போதே கதை முழுவதையும் காட்ட வேண்டியிருந்தது.

2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாடு அரசு, நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சைக்கும் வழி திறந்தது. அந்த நாள் திருநங்கையர் தினம் என்று கொண்டாடப்படுகிறது. பெயரில் திருநம்பிக்கு இடம் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டு கழித்து அதே ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவரின் பாலினத்தை அவரே சொல்லலாம், அறுவையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019-ன் மத்திய சட்டம், அறுவையோடு ஹார்மோன் சிகிச்சைக்கும் அரசு வசதி செய்ய வேண்டும் என்று எழுதியது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கான சிறப்புப் பிரிவுகள் வந்தன. மனநல மருத்துவரும் சுரப்பியியல் மருத்துவரும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய மாற்றம். ஆனால் வயது வந்தவரிடமும் அப்பா அம்மா கையெழுத்து கேட்கும் மருத்துவர்கள் இன்னமும் உண்டு.

சீட்டு கிடைத்த பிறகும் அது எங்கெல்லாம் பின்தொடரும் என்பதற்குக் கேரளத்தில் ஓர் உதாரணம். திருச்சூரைச் சேர்ந்த ஆடம் ஹாரி, விமானி உரிமம் பெற்ற நாட்டின் முதல் திருநம்பி என்று 2019-ல் அறியப்பட்டவர். வணிக விமானிப் பயிற்சிக்குக் கேரள அரசு பண உதவி அறிவித்தது. மருத்துவச் சான்றில் வண்டி நின்றுவிட்டது. ஹார்மோன் எடுக்கும்வரை தகுதி இல்லை என்பதே தனக்குச் சொல்லப்பட்டது என்றார் ஆடம். செய்தி பரவி எதிர்ப்பு எழுந்ததும், 2022 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்ககம் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது: ஹார்மோன் எடுப்பது மட்டுமே தகுதியிழப்பு ஆகாது, மருந்தளவு நிலைப்படும்வரை குறைந்தது மூன்று மாதம் பறக்கக்கூடாது. 2001-ன் நெறிமுறையில் ஊசிக்கு முன்னால் இருந்த மூன்று மாதம், இங்கே ஊசிக்குப் பின்னால் வந்து நின்றது.

பெயர் மாற்றம் அரசிதழில் வந்து, ஆதாரில் ஏறி, மருத்துவமனை அட்டை வரை போய்ச் சேர மாதங்கள் ஆகும். குரல் அவ்வளவு காலம் காத்திருக்காது. ஆகவே, ஊசி தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு திருநம்பிக்கு இப்படி ஒரு மாலை வாய்ப்பது சாதாரணம். கடைக்காரர் சீட்டை விளக்கொளியில் பிடித்துப் படிக்கிறார்.

“இது யாருக்குத் தம்பி? அக்காவுக்கா?”

“எனக்குத்தாண்ணே.”

கடைக்காரர் சீட்டில் உள்ள பெண் பெயரை இன்னொரு தடவை படிக்கிறார். அரும்பு மீசையைப் பார்க்கிறார். சில கடைகளில் உள்ளே போய் மருந்தை எடுத்துவந்து ரசீது போடுவார்கள். சில கடைகளில் ஸ்டாக் இல்லை என்பார்கள்.